முழங்காலுக்கு முன்னால் நிற்கும் கே

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் தந்தை ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள், ஆங்கிலத் தேர்வில் கத்திக்கான சொல்லை ‘என், ஐ, எஃப், ஈ’ என்று எழுதியிருக்கிறாள். மதிப்பெண் போய்விட்டது. “முன்னால் கே வரும், அதைச் சொல்லக்கூடாது, மனப்பாடம் செய்” என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். “சொல்லக்கூடாத எழுத்தை எதற்கு அப்பா எழுத வேண்டும்?” என்று அவள் வீட்டுக்கு வந்து கேட்டாளாம். இப்படிப் பேசாத எழுத்துகள் வரும் ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு தொகுத்துத் தர முடியுமா என்பது அவருடைய கேள்வி.

தருகிறேன். இந்த மலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் நான். ஆனால் பட்டியலுக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. அந்தக் கே ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்லப்பட்ட எழுத்து. ஒலி போய்விட்டது, எழுத்து நின்றுவிட்டது. இதை அவளிடம் முதலில் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளைக்கு மனப்பாடம் பாதி குறைந்துவிடும்.

நம் மொழியிலும் இது உண்டு. அரை, அறை என்ற இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் பேசும்போது ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம். ஆனாலும் பாதியைக் குறிக்க இடையின ரகரம், தங்கும் இடத்தைக் குறிக்க வல்லின றகரம் என்று எழுத்தில் விடாமல் காக்கிறோம். ஜனவரி விடியலில் தேயிலைக் கொழுந்தைக் கருக்குவது பனி. காலை எட்டு மணிக்கு நாம் கிளம்பிப் போவது பணி. காதுக்கு வேறுபாடு மங்கினாலும் கண்ணுக்கு மங்குவதில்லை. ஆங்கிலத்தின் பேசாத எழுத்துகளில் பல இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஒரு சிறு ஏற்பாடு. தமிழில் ஒரே பகரம் இருப்பதால் பி என்று எழுதினால் எந்தப் பி என்று தெரியாது. ஆகவே பஸ்ஸின் பி, பேனாவின் பி என்று பிரித்துச் சொல்கிறேன். அதேபோல டீக்கு எழுதும் டியை டீயின் டி என்கிறேன்.

முதலில் கேயும் என்னும் சேர்ந்து தொடங்கும் சொற்கள். முழங்காலை ஆங்கிலத்தில் ‘நீ’ என்கிறார்கள், கேயை விட்டுவிட்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அந்த ககர ஒலியைச் சேர்த்தே சொன்னார்கள். ஆங்கிலத்தின் பங்காளி மொழியான ஜெர்மனில் இன்றும் முழங்கால் ‘க்னீ’தான். முடிச்சு ஆங்கிலத்தில் ‘நாட்’, ஜெர்மனில் ‘க்னோட்டன்’. மாவு பிசைவது ஆங்கிலத்தில் ‘நீட்’, ஜெர்மனில் ‘க்னேட்டன்’. அங்கே ககரம் வாழ்கிறது, இங்கே உதிர்ந்துவிட்டது. வில்லியம் காக்ஸ்டன் என்பவர் 1476-இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்த பிறகு சொற்களின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகியது. ககர ஒலி உதிர்ந்ததோ அதற்குப் பின்னால், 17-ஆம் நூற்றாண்டு வாக்கில். பேச்சு நகர்ந்து போயிற்று, புத்தகம் நின்ற இடத்திலேயே நின்றது.

இந்தக் குடும்பத்தில் அவள் வகுப்புக்குத் தேவையானவை இவை. நைஃப் என்றால் கத்தி. உங்கள் வீட்டுக் கவாத்துக் கத்தியும் அதில் அடக்கம். நீல் என்றால் மண்டியிடுவது, முழங்காலிலிருந்து பிறந்த சொல். நாக் என்றால் கதவைத் தட்டுவது. நாப் என்றால் கதவிலோ ரேடியோவிலோ இருக்கும் குமிழ். நோ என்றால் அறிவது, அதிலிருந்து நாலெட்ஜ், அதாவது அறிவு. நிட் என்றால் ஸ்வெட்டர் பின்னுவது. இந்தப் பின்னலும் மேலே சொன்ன முடிச்சும் ஒரு தாய்ப் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் முடிச்சுப் போடுவதற்கான வினைச்சொல்தான் பின்னலுக்கு வந்திருக்கிறது. கம்பளி நூலும் ஊசியுமாக வெயிலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கையைப் பார்த்தால் இந்த உறவை விளக்கவே வேண்டாம்.

நோல் என்று ஒரு சொல் உண்டு. கே, என், ஓ, எல், எல். சிறு குன்று, மேடு என்று பொருள். சமவெளியில் படிக்கும் பிள்ளைக்கு இது அரிய சொல். நம் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் பக்கங்களில் மேட்டின் மேல் கட்டிய பழைய பங்களாக்களுக்கு இந்தச் சொல்லை ஒட்டிப் பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. வாசல் தூணில் அந்தச் சொல்லைக் கண்டால் நின்று காட்டுங்கள். வீடு எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தாலே பொருள் விளங்கிவிடும்.

இப்போது கேயை எடுத்துவிட்டுப் பாருங்கள். அறிவது என்ற நோ, இல்லை என்ற நோ ஆகிவிடும். பிசைவது என்ற நீட், தேவை என்ற நீட் ஆகிவிடும். பின்னுவது என்ற நிட், தலையில் இருக்கும் ஈர் ஆகிவிடும். குதிரைவீரன் என்ற நைட், இரவு ஆகிவிடும். நான் இதைத் தமிழ் எழுத்தில் எழுதுவதால் ஒவ்வொரு முறையும் பொருளைச் சொல்லித்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் முன்னால் ஒரு கே நின்றாலே போதும். மகள் கேட்ட ‘எதற்கு அப்பா’ என்ற கேள்விக்கு இது இரண்டாவது பதில்.

அந்தக் குதிரைவீரனைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஆங்கிலத்தில் அது சிறுவன், பணியாள் என்றே பொருள்பட்டது. அரசனிடம் பணி செய்த இளைஞன் போர்வீரனாகி, பிறகு பட்டம் பெற்ற பெருமகன் ஆனான். அதே கே, என் குடும்பத்தில் ‘நேவ்’ என்று இன்னொரு சொல் உண்டு. அதற்கும் முதற்பொருள் சிறுவன்தான். அது கீழே இறங்கி அயோக்கியன் ஆயிற்று. ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. நறுமணத்தைக் குறித்த நம் ‘நாற்றம்’ இன்று எங்கே வந்து நிற்கிறது என்பது நமக்குத் தெரியும்.

எங்கள் ஊர்ப் பேக்கரி ஒன்றில் வர்க்கி போடுவதைப் பார்க்க ஒரு முறை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். விடியற்காலை, வெளியே பனி, உள்ளே விறகு அடுப்பின் சூடு. மேசை மேல் ஒரு மைதா மலை. மாஸ்டர் இரண்டு கைகளாலும் அதை அழுத்தி, மடித்து, திருப்பி, மறுபடி அழுத்தினார். அந்தக் கைகளைக் காட்டியே அன்றைய பாடம் நடந்தது. அவர் செய்வது நீட், கே பேசாது. பிசைகிற மாவு ‘டோ’, கடைசியில் வரும் ஜியும் ஹெச்சும் பேசாது. மாவில் புதையும் விரல் கணு ‘நக்கிள்’, கே பேசாது. கட்டைவிரல் ‘தம்’, பஸ்ஸின் பி பேசாது. மணிக்கட்டு ‘ரிஸ்ட்’, முன்னால் நிற்கும் டபிள்யூ பேசாது. உள்ளங்கை ‘பாம்’, நடுவில் இருக்கும் எல் பேசாது. மேசையில் சிதறிய வர்க்கித் துணுக்கு ‘க்ரம்’, அதிலும் பஸ்ஸின் பி பேசாது. ஒரே மேசையில், ஒரே மனிதரின் இரண்டு கைகளில் ஏழு சொற்கள். அன்று அந்த வகுப்பில் எழுத்துக்கூட்டல் தேர்வு வைத்தேன். மணிக்கட்டை ஒருவர்கூடத் தவறவிடவில்லை. உங்கள் மகளுக்கும் அவள் கையையே புத்தகமாக்குங்கள்.

மணிக்கட்டு வந்ததால் டபிள்யூவும் ஆரும் சேர்ந்து தொடங்கும் சொற்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் இது. எழுத்தில் மட்டுமல்ல, பொருளிலும் இவற்றில் பல ஒன்றுக்கொன்று உறவு. எல்லாவற்றுக்குள்ளும் ஒரு முறுக்கல், ஒரு திருகல் இருக்கிறது. ரிஸ்ட், கை திரும்பும் இடம். ரிங், துணியை முறுக்கிப் பிழிவது. ரெஞ்ச், திருகிப் பிடுங்குவது. மெக்கானிக் கடையில் திருகுவதற்கு வைத்திருக்கும் கருவியும் அதுவே. ரெஸில், ஒருவரை ஒருவர் முறுக்கிப் பிடிக்கும் மல்யுத்தம். ரீத், பூவை வளைத்துக் கட்டிய மலர்வளையம். ரிங்க்கிள், தோலிலோ துணியிலோ விழும் சுருக்கம். ரைத், வலியில் உடல் முறுக்கித் துடிப்பது. தவறு என்ற பொருள் தரும் ‘ராங்’கூட முதலில் கோணலானது, வளைந்தது என்றே பொருள்பட்டது. தவறு செய்பவனைக் கோணல் வழி போகிறவன் என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். டபிள்யூ என்ற எழுத்தின் வடிவமே அடுத்தடுத்து வரும் வளைவுகள்தான். திருகல், வளைவு, முறுக்கு என்று பொருள் வந்து, ரகரத்தில் சொல் தொடங்கினால் முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாச் சொல்லுக்கும் பொருந்தாது. கயிறான ரோப்புக்குப் பொருந்தாது. பெரும்பாலும் கைகொடுக்கும்.

இதே எழுத்துகளில் தொடங்கினாலும் வேறு வழியில் வந்தது ‘ரைட்’, எழுதுவது. அதன் பழம்பொருள் கீறுவது. மரத்திலும் கல்லிலும் கீறியதுதான் அவர்களுக்கு எழுத்து. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய மரபில் வந்த நமக்கு இது எளிதில் புரியும்.

அடுத்தது ஜி, ஹெச். பிள்ளைகளை அதிகம் அழவைப்பது இதுதான். இரவு, ஒளி, எட்டு, வலப்புறம், நினைப்பு, வாங்கினேன், போதும், கரடுமுரடு, இருமல், சிரிப்பு ஆகிய எல்லாவற்றுக்குமான ஆங்கிலச் சொற்களில் இந்த இரண்டு எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. மகள் என்ற சொல்லிலும்தான்; ‘டாட்டர்’ என்பதன் நடுவில் பேசாமல் நிற்பவை இவையே. பழங்காலத்தில் அங்கே தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஓர் ஒலி இருந்தது. எஃகு, அஃது என்று சொல்லும்போது நம் ஆய்தம் எப்படி உரசிக்கொண்டு வருகிறதோ, ஏறக்குறைய அப்படி. ஜெர்மனில் மகளை இன்றும் ‘டோஃக்டர்’ என்று அந்த உரசலோடு அழைக்கிறார்கள். இரவு அங்கே ‘நாஃக்ட்’. அந்த ஒலிக்கென்று தனி எழுத்து இல்லாமல் போனதால் ஜியையும் ஹெச்சையும் சேர்த்து எழுதினார்கள். பிறகு ஒலி தேய்ந்தது. இன்று எழுத்தில் அஃது என்று பார்த்தாலும் வாயால் அது என்றே சொல்லிவிடுகிறோமே, அந்த மாதிரி.

தேய்ந்த விதம்தான் தொல்லை. இங்கிலாந்தின் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு மாதிரி தேய்ந்தது. சில சொற்களில் ஒலி முழுதாக மறைந்தது. சிலவற்றில் எஃப் ஒலியாக மாறியது. எஃப் ஒலி வரும் சொற்கள் குறைவு என்பதால் அவற்றை மட்டும் தனியாகப் படித்தால் போதும்: லாஃப், சிரிப்பது, காஃப், இருமுவது, ரஃப், கரடுமுரடான, டஃப், கடினமான, இனஃப், போதுமான, ட்ராஃப், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி. மற்ற இடங்களில் ஜியும் ஹெச்சும் பேசாது என்று வைத்துக்கொள்ளலாம். உழும் கலப்பை ‘ப்ளவ்’, மரத்தின் பெருங்கிளை ‘பவ்’, இரண்டிலும் பேசுவதில்லை. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதியின் வழியே கலப்பைக்கு ஜி, ஹெச் இல்லாத எழுத்துக்கூட்டல் அங்கே நிலைத்துவிட்டது. நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் வழியில் இருப்பதால் தேர்வில் பழைய கூட்டலையே எழுத வேண்டும்.

குன்னூரில் லேம்ஸ் ராக் பார்த்திருப்பீர்கள். லேம் என்றால் ஆட்டுக்குட்டி, கடைசியில் ஒரு பஸ்ஸின் பி இருக்கிறது, பேசாது. அந்தப் பாறைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் தொடர்பில்லை, லேம் என்ற ஆங்கிலேயர் ஒருவரின் பெயர் அது. இருந்தாலும் பலகையில் எழுத்து அதேதான், பாடத்துக்கு உதவும். எம்முக்குப் பின்னால் பி வரும் சொற்கள்: க்ளைம், ஏறுவது, கோம், சீப்பு, டம், பேச முடியாத, வூம், கருப்பை, டூம், கல்லறை, லிம், கை கால் போன்ற உறுப்பு, நம், மரத்துப்போன. இவற்றில் ஆட்டுக்குட்டி, ஏறுவது, சீப்பு, கருப்பை ஆகியவற்றில் அந்தப் பி ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. கட்டைவிரல், உறுப்பு, துணுக்கு, மரத்துப்போன ஆகியவற்றில் அது முதலில் இல்லை. மற்றவற்றைப் பார்த்துப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

மரத்துப்போன என்ற அந்த ‘நம்’ என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதே அதன் மூலப்பொருள். டிசம்பர் காலையில் ஈரக் கொழுந்து கிள்ளும் பெண்கள், விரலே தங்களிடம் இல்லாதது போல இருக்கிறது என்பார்கள். குளிர் எடுத்துக்கொண்டு போன விரல். அந்தச் சொல்லுக்குள் அப்படியே இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் உயிரோடிருந்த எழுத்துகள். இன்னொரு வகை உண்டு. என்றுமே ஒலிக்காதவை; படித்தவர்கள் வேண்டுமென்றே செருகியவை. கடனுக்கு ‘டெட்’ என்றும் ஐயத்துக்கு ‘டவுட்’ என்றும் சொல் ஃப்ரெஞ்சிலிருந்து வந்தபோது அவற்றில் பி கிடையாது. 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் லத்தீன் பற்றுக் கொண்டவர்கள், லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று நடுவில் பஸ்ஸின் பியைச் செருகினார்கள். வாய் அதை ஏற்கவில்லை, எழுத்து ஏற்றுக்கொண்டது. கூட்டுறவுத் தொழிற்சாலையில் பச்சைத் தேயிலை எடை போட்டுத் தரும் சீட்டான ‘ரிசீட்’டில் பேசாமல் நிற்கும் பேனாவின் பியும் இப்படி வந்ததே. அந்த ஆங்கிலச் சொல்தான் நம் ‘ரசீது’ ஆனது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ரசீது பாரசீகத்திலிருந்து நமக்கு வந்த சொல். ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

தீவு என்ற ‘ஐலண்ட்’டில் உள்ள எஸ் இன்னும் மோசம், பிழையாகவே செருகப்பட்டது. பழைய ஆங்கிலச் சொல் அது. தீவைக் குறிக்கும் வேறொரு ஃப்ரெஞ்சுச் சொல்லோடு குழப்பிக்கொண்டு எஸ்ஸைச் சேர்த்துவிட்டார்கள். செய்ய முடிந்தது என்ற ‘குட்’டில் உள்ள எல், ‘ஷுட்’, ‘வுட்’ என்பவற்றைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. மகிழ்ச்சி என்ற ‘டிலைட்’டில் உள்ள ஜி, ஹெச், ஒளி என்ற ‘லைட்’டைப் பார்த்து வந்தது. இந்தப் பகுதியில் உங்கள் மகள் தடுமாறினால் கண்டிக்காதீர்கள். இங்கே முதலில் பிழை செய்தவர்கள் அவளுக்கு முன்னால் வந்தவர்கள்.

நினைவில் நிறுத்த ஒரு நல்ல வழி சாட்சி தேடுவது. ஒரு சொல்லில் பேசாத எழுத்து, அதன் உறவுச் சொல்லில் வாய் திறந்து பேசும். அந்த உறவுச் சொல் பல நேரம் தமிழ்ப் பேச்சுக்குள்ளேயே குடியேறியிருக்கும். கையெழுத்திடுவது ‘சைன்’, அதில் ஜி பேசாது. ஆனால் ரயில் நிலையத்துச் சிக்னலில் பேசுகிறது. கடன் என்ற டெட்டில் பி பேசாது. டெபிட் கார்டில் பேசுகிறது. துணுக்கு என்ற க்ரம்மில் பி பேசாது. உதிர்ந்து நொறுங்குவது என்ற ‘க்ரம்பிள்’ளில் பேசுகிறது. துதிப்பாட்டு என்ற ‘ஹிம்’மில் கடைசி என் பேசாது, தேவாலயத்துப் பாட்டுப் புத்தகமான ‘ஹிம்னல்’லில் பேசுகிறது. எல்லாவற்றிலும் எனக்கு வியப்பானது முன்பு பதிவுத் தபாலோடு போய்த் திரும்பி வந்த அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை. அதற்குள் இருப்பது அறிவது என்ற அதே நோதான். நூற்றாண்டுகளாக வாய் மூடியிருக்கும் அந்தப் பழைய ககரம், அக்னாலெட்ஜ் என்று சொல்லும்போது இன்றும் தெளிவாகக் கேட்கிறது.

ஆகவே பட்டியலை அகர வரிசையில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு குடும்பம் போதும். கே, என் ஒரு நாள். டபிள்யூ, ஆர் ஒரு நாள். எம், பி ஒரு நாள். ஜி, ஹெச்சுக்கு மட்டும் ஒரு வாரம் கொடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் அவள் தொட்டுக் காட்டக்கூடிய பொருளோடு சேருங்கள். சீட்டியடிப்பது என்ற ‘விசில்’லில் டீயின் டி பேசாது என்பதை, குன்னூரில் நீராவி எஞ்சின் கூவும்போது சொன்னால் மறக்காது. கொடைக்கானல் போனால், கோக்கர்ஸ் வாக்கில் நடந்துகொண்டே ‘வாக்’, ‘டாக்’, ‘சாக்’ மூன்றிலும் எல் பேசாது என்று சொல்லலாம்: நடை, பேச்சு, சுண்ணக்கட்டி.

கேயும் என்னும் சேர்ந்தால் எப்போதும் கே பேசாதா என்று அவள் அடுத்துக் கேட்பாள். சொல்லின் தொடக்கத்தில் பேசாது. இருள் என்ற ‘டார்க்னெஸ்’, நோய் என்ற ‘சிக்னெஸ்’ போலச் சொல்லின் நடுவில் இரண்டு அசைகளின் எல்லையில் சந்தித்தால் கே நன்றாகப் பேசும். ஜி, ஹெச்சுக்கும் ஒரு விலக்கு உண்டு. அவை சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ஹெச் மட்டும் பேசாது, ஜி பேசும். பேய் என்ற ‘கோஸ்ட்’ அப்படி. அதில் ஹெச் முதலில் கிடையாது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் பல ஆண்டுகள் இருந்து திரும்பிய அந்த அச்சுக்காரர் காக்ஸ்டன் வழியாக அங்கத்திய வழக்கம் ஒட்டிக்கொண்டது. நெய்க்கும் ஆங்கிலத்தில் ஜி, ஹெச் போட்டே எழுதுகிறார்கள். இந்தியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது பலகைகளில் பார்ப்பீர்களே, மலைப்பாதையைக் குறிக்கும் ‘காட் ரோடு’, அதுவும் அப்படியே. அடுத்த முறை பஸ்ஸில் ஏறி வரும்போது அந்தப் பலகையை அவளே படிக்கட்டும்.